வாயிற்கூட்டத்துக்கு மெகாபோன்: எதைப் பார்த்து வாங்கலாம்?

சென்னை ரிச்சி தெருவில் மெகாபோன் கேட்டால், "வியாபாரத்துக்கா, மீட்டிங்குக்கா?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். வியாபாரத்துக்கு என்றால், பதிந்து வைத்ததைத் திரும்பத் திரும்பக் கத்துகிற சின்ன ரகம். மீட்டிங்குக்கு என்றால், தோளில் மாட்டுகிற ஹார்னும் சுருள் வயரில் தனி மைக்கும். ஆளுக்கு 20 ரூபாய் வசூலித்து நாங்கள் வாங்கியது இரண்டாவது ரகம், பேரம் பேசி 1,800 ரூபாய். பெட்டியில் ஒரு கம்பெனி பெயர், ஹார்னில் இன்னொரு பெயர். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

எங்களுடையது மாவட்டத் தலைநகரில் உள்ள ஓர் அரசு கலைக் கல்லூரி. மாணவர் பேரவைத் தேர்தல் நடத்தச் சொல்லி, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைத்த லிங்டோ குழு அறிக்கை கொடுத்தது 2006-ல். எங்கள் வளாகத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. பேரவை இல்லாததால் அறை கிடையாது, அரங்கம் கிடையாது, மைக் செட்டும் கிடையாது. வாடகைக்கு எடுக்கலாம் என்றால், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனதும் மைக் செட்காரர் "வேற புக்கிங் இருக்கு தம்பி" என்று கழன்றுகொள்வார். விடுதியில் தண்ணீர் வரவில்லை, சாயங்கால பஸ் நிற்காமல் போகிறது என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. சொந்தமாக ஒன்று வேண்டும் என்று முடிவானது அப்படித்தான்.

பெட்டியில் 25 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. நூற்றைம்பது பேர் வரை நின்றால் தெளிவாகக் கேட்கும். எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்குச் சத்தம் போகிறது, வார்த்தை போவதில்லை. வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் திருப்பினாலும், காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துப் பேசினாலும் கீ என்று கத்தும். சுவருக்கு முதுகைக் காட்டி, மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தால் சரியாகிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தனி மைக்தான். முன்பு இரவல் வாங்கியது துப்பாக்கி மாதிரி விசையை அழுத்திப் பிடித்துப் பேசுகிற ரகம். ஐந்தே நிமிடத்தில் கை இற்றுவிடும், பேசுகிறவர் முகத்தையும் ஹார்ன் மறைத்துவிடும். கடைசியில் தோள் பலம் உள்ள மூன்று சீனியர் அண்ணன்களே மாறி மாறிப் பேசுவார்கள். இப்போது ஹார்னை ஒருவர் சுமக்கிறார், குறிப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் பேசுகிறார். போன பஸ் பிரச்சினையில் பேசிய முதலாண்டு கணிதத் தங்கைக்கு என் தோள் உயரம்கூட இல்லை. எந்தெந்த பஸ் எத்தனை மணிக்கு நிற்காமல் போனது என்று தேதியோடு வாசித்தாள். கிளை மேலாளரிடம் கொடுத்த மனுவில் அந்தத் தாளையே இணைத்தோம்.

சைரன் பொத்தான் பேசுகிற பொத்தானை ஒட்டியே இருக்கிறது. இதை வடிவமைத்தவர் ஒரு கூட்டத்துக்காவது போயிருக்க மாட்டார். ஜனவரி 25, மொழிப்போர் தியாகிகள் நாள். 1965-ல் சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரனுக்கு மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தோம். மைக் வைத்திருந்த தம்பியின் கட்டைவிரல் நழுவியது. வாட்ச்மேன் ஆம்புலன்ஸ் என்று நினைத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். அந்தப் பொத்தான் மேல் இப்போது இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறோம்.

பதிவு வசதி எங்களுக்கு வீண். ஹார்ன் தானாக "வேண்டும் வேண்டும்" என்று கத்தினால் யாரும் "பஸ் வேண்டும்" என்று திருப்பிச் சொல்வதில்லை. தொண்டை கட்டிய தோழர் கரகரவென்று கத்தினாலும் சொல்கிறார்கள்.

சார்ஜ் ஆறு மணி நேரம் நிற்கும் என்றார் கடைக்காரர். இரண்டு மணி நேரத்திலேயே குரல் கம்மத் தொடங்குகிறது. பெரிய டார்ச் செல்லும் போடக்கூடிய மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கனம் கூடும்தான், ஆனால் செல் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும், கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அனுமதி கேட்கும் மனுவில் 'கை மெகாபோன் 1' என்று தனியாக எழுதி, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். முத்திரை இருந்தும் ஒரு தடவை எங்களுடையதைப் பிடுங்கி ஜீப்பில் வைத்துக்கொண்டார்கள். 2011-ல் நியூயார்க் ஜுகோட்டி பூங்காவில் நடந்த 'வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்' போராட்டத்தில், ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாததால் ஒருவர் சொன்ன வாக்கியத்தைச் சுற்றியிருந்தவர்கள் சேர்ந்து உரக்கச் சொல்லிப் பின்வரிசைக்குக் கடத்தினார்கள். அதையே செய்தோம், பஸ் ஸ்டாப் வரைக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. சாயங்காலம் கையெழுத்துப் போட்டு ஹார்னைத் திரும்ப வாங்கினோம்.

வாயிற்கூட்டம், உள்ளிருப்புக்கு இது போதும். ஊர்வலத்துக்கு எடுத்துப் போகாதீர்கள், நடுவில் நடப்பவர்களுக்கே கேட்காது. தோள்வாரின் பிளாஸ்டிக் கொக்கி சீக்கிரம் உடையும், பை தைக்கிற கடையில் கொடுத்து இரும்புக் கொக்கியாக மாற்றிக்கொள்ளுங்கள்.