தி கார்டிகன்ஸ்: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

சுவீடனின் யோன்ஷோப்பிங் நகரில் 1992-ல் தொடங்கிய இசைக்குழு தி கார்டிகன்ஸ். புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு நான் இரண்டு ஆல்பங்களைச் சொல்வேன்: 1996-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பேண்ட் ஆன் தி மூன்', 1998-ல் வந்த 'கிரான் டூரிஸ்மோ'. இரண்டுக்கும் தயாரிப்பாளர் தோரே யோஹான்சன், இரண்டிலும் பாடுபவர் நீனா பெர்சன். ஆனாலும் அடுத்தடுத்துக் கேட்டால் இரு வேறு குழுக்களோ என்று தோன்றும்.

முதலாவதில்தான் 'லவ்ஃபூல்' இருக்கிறது. 'ரோமியோ + ஜூலியட்' படத்தில் இடம்பெற்று உலகமெங்கும் பரவிய பாட்டு. மெட்டு துள்ளும். வரிகளைக் கவனித்தால், காதல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருப்பதாகப் பொய்யாவது சொல் என்று ஒருத்தி கெஞ்சிக்கொண்டிருப்பாள். இந்த முரண்தான் ஆல்பத்தின் உயிர். அதிரடியான மெட்டல் இசைக்குழு பிளாக் சப்பாத்தின் 'அயர்ன் மேன்' பாட்டைக்கூட மென்மையான பாப்பாக்கிப் பாடியிருக்கிறார்கள். கிதார் கலைஞர் பீட்டர் ஸ்வென்சனும் பேஸ் வாசிக்கும் மாக்னுஸ் ஸ்வெனிங்சனும் மெட்டல் இசையிலிருந்து வந்தவர்கள், அதனால் அந்தத் தேர்வில் வியப்பில்லை.

'கிரான் டூரிஸ்மோ'வில் அந்தத் துள்ளல் கிடையாது. மின்னணுத் தாளம், இறுக்கமான கிதார், குளிர்ந்த குரல். 'மை ஃபேவரிட் கேம்', 'இரேஸ்/ரிவைண்ட்' இரண்டும் இதில்தான். உலகப் புகழ் தந்த பாணியை இரண்டே வருடத்தில் கைவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சரி, எதில் தொடங்குவது? இனிமையான மெட்டுகள் பிடிக்குமென்றால் முதலாவது. என் மனம் 'கிரான் டூரிஸ்மோ' பக்கம்தான். அப்புறம் 2003-ல் வந்த 'லாங் கான் பிஃபோர் டேலைட்' கேளுங்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசையின் சாயலோடு இன்னொரு முகம் அதில் இருக்கிறது.