38,000 ரூபாய் போச்சு: கடைவாயில ஒல்லி இம்பிளாண்ட் வைக்க விடாதீங்க

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் இருக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. பேர் போடல. "இம்பிளாண்ட் ஆஃபர்"னு போர்டு மாட்டின பல் கிளினிக், அவ்வளவுதான். எங்க அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒண்ணுக்குப் பதிலா இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்புல ஸ்க்ரூ மாதிரி திருகி வைக்கிற செயற்கை வேர். சீட்டு எடுத்த பணம் 38,000 ரூபாய், மொத்தமா முன்னாடியே வாங்கிட்டாங்க.

டாக்டர் பிளாஸ்டிக் தாடையை அம்மா கையில கொடுத்து, "டைட்டானியம்மா இது, பேரன் கல்யாணத்துல முறுக்கே கடிப்பீங்க"ன்னார். அந்த ஒரு வார்த்தையில அம்மா நம்பிட்டாங்க. தாடை எலும்பை 3டியில காட்டுற சிபிசிடி ஸ்கேன் எடுக்கவே இல்ல.

வச்சது 3.3 மி.மீ. குறுக்களவு, 13 மி.மீ. நீளம். "நீளமா போட்டிருக்கோம், ஆடவே ஆடாது"ன்னாங்க. ஏமாத்து இங்கதான். சொந்தப் பல்லுக்கு வேரைச் சுத்தி மெல்லிய நார் இருக்கு, கடிக்கிற பாரத்தை அது வாங்கிக்கும். இம்பிளாண்ட் எலும்போட நேரா ஒட்டுது. அதனால அழுத்தம் நீளம் பூரா சமமா இறங்காம, இம்பிளாண்டோட கழுத்தைச் (மேல் நுனிப் பகுதி) சுத்தி மேல்விளிம்பு கெட்டி எலும்புல குவியும். அதைக் குறைக்க நீளத்தை விடக் குறுக்களவுதான் உதவும். அதே நீளத்துல 4.5 மி.மீ. குறுக்களவு வச்சா எலும்பைத் தொடுற பரப்பு சுமார் 36 சதவீதம் கூடும். இடம் இல்லையான்னா, இருந்துச்சு! வேற இடத்துல ஸ்கேன் எடுத்தப்ப எலும்பு அகலம் 7.5 மி.மீ. நடுவுல 4.5 வச்சிருந்தாலும் ரெண்டு பக்கமும் 1.5 மிச்சம். ஒல்லி சைஸ் கீழ் முன்பல் மாதிரி இடுக்கான இடத்துக்கு. அதுமேல 11 மி.மீ. அகலக் கேப்பை (மேல தெரியிற செயற்கைப் பல்லை) மாட்டினா, ஓரத்துல கடிக்கிற ஒவ்வொரு கடியும் கழுத்தை நெம்பும். இம்பிளாண்டைச் சுத்தி இருக்கிற திருகு மரையும் கூர்மையான 'வி' வடிவம். எலும்பு அமுக்கத்தைத் தாங்கும், பக்கவாட்டுல வழுக்கி வெட்டுற விசையைத் தாங்காது. சதுர மரையை விட 'வி' மரையில அந்த விசை அதிகம். 'வி' மரை நல்ல கம்பெனியிலயும் இருக்கு, அது மட்டும்னா குறை சொல்லமாட்டேன். ஒல்லி உடம்பு, அகலக் கேப், இந்த மரை, மூணும் ஒரே இடத்துல சேர்ந்ததுதான் கொடுமை.

வருஷம் முடியல, கழுத்தைச் சுத்தி 4 மி.மீ. எலும்பு கிண்ணமாட்டம் கரைஞ்சு போச்சு. முதல் வருஷம் எலும்பு 1.5 மி.மீ. வரைக்கும் குறையலாம், அப்புறம் வருஷத்துக்கு 0.2 மி.மீ.க்குள்ள நிக்கணும்.

போய்க் கேட்டா ரிசப்ஷன்ல "டாக்டர் கேம்ப் போயிருக்கார்". அப்புறம் "அம்மாவுக்கு சுகர் இருக்குமே". டெஸ்ட் நார்மல்னு காட்டினா "சரியா பிரஷ் பண்ணலை". கடைசியில "கேரண்டி ஸ்க்ரூவுக்குத்தான், எலும்புக்கு இல்ல". 38,000 ரூபாய் வாங்கினவங்க சொல்ற பதிலாங்க இது? இப்ப அதைக் கழட்டி, எலும்புப் பொடி வச்சு, முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. ஸ்கேன் இல்லாம ஒத்துக்காதீங்க. எலும்பு அகலம், இம்பிளாண்ட் குறுக்களவு ரெண்டையும் எழுதி வாங்குங்க. டப்பாவுல இருக்கிற லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதின்னு காட்டுற எண்) ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்க. முழுப் பணத்தை முன்னாடி கட்டாதீங்க. பாரிமுனைப் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கயும் ஒரு தடவை காட்டுங்க. ஏற்கனவே ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிங்க. நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், தள்ளிப் போடாதீங்க.