ஸ்டீம் டெக்: பவர் பட்டனுக்காகவே வைத்திருக்கிறேன்

கம்ப்யூட்டர் கேம்களைக் கையில் பிடித்தபடியே ஆட வால்வ் நிறுவனம் செய்த கருவிதான் ஸ்டீம் டெக். 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. என்னிடம் இருப்பது அந்த முதல் மாடல், எல்சிடி திரை. புதிதாக வாங்கியவர்கள் எழுதும் ரிவ்யூக்களில் எந்த கேம் எந்த செட்டிங்கில் நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், தருகிறது என்பதுதான் நிறைய இருக்கும். வருடக்கணக்கில் கையில் வைத்து ஆடிய பிறகு என்னைக் கேட்டால், மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பவர் பட்டனைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

அதை ஒரு தடவை தட்டினால் கேம் அப்படியே நின்று டெக் தூங்கிவிடும். மறுபடி தட்டினால் சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கம்ப்யூட்டரில் கேம் ஆடுபவர்களுக்குத் தெரியும்: ஆன் செய்து, அப்டேட் முடிந்து, கேமைத் திறந்து, லோகோக்கள் எல்லாம் வரிசையாக வந்து போய், சேவ் லோட் ஆகும்போது கிடைத்த நேரத்தில் பாதி போயிருக்கும். வேலை, வீடு என்று ஆன பிறகு கையில் இருப்பதே கால் மணி, அரை மணிதான். அதற்குப் போய் யார் இவ்வளவும் செய்வது என்று அப்படியே விட்டுவிடுவோம். "வயசாச்சு, கேம் ஆர்வமே போயிடுச்சு" என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். ஆர்வம் எங்கேயும் போகவில்லை, ஆரம்பிப்பதற்குள்தான் அலுத்துப் போகிறது.

எல்டன் ரிங் என்ற சண்டை கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆட்டத்தை நிறுத்தி வைக்க வழக்கமான பட்டன் கிடையாது. மெனுவைத் திறந்தாலும் எதிரி பாட்டுக்கு வந்து அடிப்பான். மார்கிட் என்ற பெரிய எதிரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடித்தால், கம்ப்யூட்டரில் சாக வேண்டியதுதான். டெக்கில் பட்டனைத் தட்டிவிட்டுப் போய்க் கதவைத் திறக்கலாம். திரும்பி வந்து எழுப்பும்போது அவன் ஓங்கிய தடி இன்னும் அந்தரத்தில்தான் இருக்கும். எழுந்த அடுத்த நொடியே அது தலையில் இறங்கும் என்பதால், உருண்டு தப்பிக்கும் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் எழுப்புவேன். ஆனால் ஒரு விஷயம், இதை ஆஃப்லைனில் ஆட வேண்டும். ஆன்லைனில் இருந்தால் தூங்கும்போது இணைப்பு அறுந்து, எழுந்ததும் டைட்டில் திரைக்குத் தள்ளிவிடும். கேமின் நெட்வொர்க் செட்டிங்கிலேயே ஆஃப்லைன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமில் இதன் அருமை வேறு விதம். அதில் ஒரு நாள் என்பது காலை 6 மணி முதல் இரவு 2 மணி வரை. விளையாட்டுக்குள் 10 நிமிடம் நகர நிஜத்தில் 7 நொடி ஆகும் என்பதால், கணக்குப் போட்டால் முழு நாளும் 14 நிமிடம். ஆனால் கதாபாத்திரம் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். செடிக்குத் தண்ணீர் ஊற்றி, சுரங்கத்தில் பாதி இறங்கியிருக்கும்போது எழுந்து போக வேண்டி வந்தால் அந்த நாள் முழுக்க வீண். டெக்கில் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு, இரவு அதே படிக்கட்டிலிருந்து தொடர்கிறேன். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ஓவியம், இசை, கோடிங் எல்லாம் தானே செய்து 2016-ல் வெளியிட்ட கேம் இது. 2024-ல்கூட 1.6 என்று பெரிய அப்டேட்டை இலவசமாகக் கொடுத்தார். அந்த மனுஷன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

தூங்கவைப்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கேமை மூடாமல் தூங்கவைத்தால், பல கேம்களில் சேவ் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் இருக்கும் சேமிப்பிடத்துக்கு, போகாது. அப்படியே கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தால் பழைய சேவ்தான் கிடைக்கும். இடம் மாறி ஆடப் போகிறீர்கள் என்றால் கேமை முறையாக மூடிவிட்டுப் போங்கள்.

அப்புறம் நொடிக்கு 40 ஃபிரேம். கனமான கேம்களுக்கு நான் வைப்பது இதுதான். 30-க்கும் 60-க்கும் நடுவில் 45தானே என்று தோன்றும். ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள்: 30-ல் 33.3 மில்லி செகண்ட், 60-ல் 16.7. இரண்டுக்கும் சரியான நடு 25, அதாவது 40 ஃபிரேம். டெக்கில் திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டையும், அதாவது திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதையும், 40 ஹெர்ட்ஸுக்கு இறக்க முடியும் என்பதால் படம் வெட்டி வெட்டி ஓடாது. பேட்டரியும் மிச்சமாகும். எல்சிடி மாடலின் பேட்டரி 40 வாட்-ஹவர்தான். கனமான கேமை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் ஓட்டினால் இரண்டு மணி நேரத்தை எதிர்பார்க்காதீர்கள், ஃபேனும் நன்றாகவே இரையும். பாலாட்ரோ, ஸ்லே தி ஸ்பையர் மாதிரி சீட்டு கேம்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

எடை 669 கிராம். மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே பிடித்து ஆடினால் மணிக்கட்டு வலிக்கும். மடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் எவ்வளவு நேரமும் ஆடலாம். பின்பக்கம் இருக்கும் நான்கு பட்டன்களைப் பலர் தொடுவதே இல்லை. ஓடுவது, உருள்வது இரண்டையும் அங்கே மாற்றிப் பாருங்கள், வலது கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நகரவே வேண்டாம். மவுஸுக்காகவே செய்த கேம்களுக்கு வலது டச்பேட் போதும். ஆனால் அவற்றில் எழுத்துகள் இந்த 7 அங்குலத் திரைக்கு ரொம்பப் பொடி.

இது எல்லோருக்குமான பொருள் கிடையாது. நண்பர்களோடு வேலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி ஆன்லைன் போட்டி கேம்கள் ஆடுவதுதான் உங்கள் கேமிங் என்றால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம். விண்டோஸ் கேம்களைப் புரோட்டான் என்ற மென்பொருள் இதில் ஓடவைக்கிறது. பெரும்பாலான கேம்களில் இப்படி ஒன்று நடுவில் இருப்பதே தெரியாது. ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள் லினக்ஸை ஏற்காத அந்த மாதிரி கேம்கள் மட்டும் ஓடாது, அதற்கு நேர்வழி எதுவும் இல்லை.

புத்தம் புதிய பெரிய கேம்களுக்கும் இதன் சிப் திணறும். அதனால் ஊரே பேசும் கேமை ஊர் பேசி முடித்த பிறகுதான் தொடுகிறேன். கதை முன்பே கசிந்துவிடுகிறது, அது வருத்தம்தான். ஆனால் 2020 டிசம்பரில் அத்தனை பிழைகளோடு வந்த சைபர்பங்க் 2077-ஐ, 2023 செப்டம்பரின் 2.0 அப்டேட்டுக்குப் பிறகு, டெக்குக்கென்றே அதில் இருக்கும் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஆடியபோது, காத்திருந்தது எவ்வளவு நல்லது என்று தோன்றியது.

சரி, எதை வாங்குவது? புதிதாக வாங்குபவர்கள் 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலையே எடுங்கள். 7.4 அங்குலத் திரை, 90 ஹெர்ட்ஸ், 50 வாட்-ஹவர் பேட்டரி, எடையும் 640 கிராம்தான். ஏற்கெனவே எல்சிடி வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை, கேம் ஓடும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இடம் போதவில்லை என்றால் ஒரு நல்ல மெமரி கார்டு போட்டுக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.