மரவேலைக் கோணமானியால் இறக்கையை அளந்தபோது

வேகத்தைக் குறைத்துத் தரையிறக்கும்போதெல்லாம், பால்சா எனும் இலேசான மரத்தில் கட்டிய என் பயிற்சி மாதிரி விமானம் ஒரு நாள் இடப்புறமும் மறுநாள் வலப்புறமுமாக இறக்கையைச் சாய்த்து விழுந்ததால், மரவேலை செய்வோருக்கென இணையத்தில் விற்கப்படும் காந்த அடிப்பாகமுள்ள டிஜிட்டல் கோணமானி ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் இதை எழுதுகிறேன்.

இறக்கையின் முறுக்கத்தை அளப்பதற்கு இக்கருவி மிக நன்று. முன்விளிம்பையும் பின்விளிம்பையும் கவ்விப்பிடிக்கும் பால்சாச் சட்டம் ஒன்றைச் செய்து, அதன்மேல் கருவியை வைத்து, இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதியில் சுழியமாக்கிவிட்டு முனைக்கு நகர்த்தினால், வாஷ்அவுட் (முனை கடைசியில் தூக்குவிசை இழக்கட்டும் என்று அதன் முன்விளிம்பு தாழும்படி வைக்கும் முறுக்கம்) எத்தனை பாகை என்று திரையில் தெரிந்துவிடும். நான் 2 பாகை வைத்துக் கட்டிய இறக்கை, இரு முனைகளிலும் 1.4 என்றே காட்டியது. முறுக்கம் மாறவில்லை, எய்லரான்களை (விமானத்தைச் சாய்க்கப் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகைகள்) இயக்கும் புஷ்ராட் எனும் கம்பியின் நீளம் தவறாக இருந்ததால் அவை இரண்டும் 2 மில்லிமீட்டர் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

இங்கேதான் கருவி சொல்லாத ஒன்று இருக்கிறது. 20 சென்டிமீட்டர் அகல இறக்கையில் எய்லரான் 5 சென்டிமீட்டர் என்றால், 2 மில்லிமீட்டர் தொங்கல் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோட்டை 0.6 பாகைதான் சாய்க்கும். ஆனால் எய்லரான் தன் கீலில் 2.3 பாகை திரும்பி முனையின் வளைவையே கூட்டிவிடுவதால், மெல்லிய இறக்கைக் கோட்பாட்டின்படி முனையின் தாக்கு கோணம் (எதிர்க்காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம்) ஏறத்தாழ 1.4 பாகை உயர்ந்ததற்கு அது சமம். கீல் இடைவெளியில் காற்று கசிவதால் நடைமுறையில் சற்றுக் குறையலாம். எப்படியாயினும், நான் பாடுபட்டு வைத்த வாஷ்அவுட்டின் பெரும்பகுதியை அந்தத் தொங்கல் விழுங்கிவிட்டது. அடிப்பகுதிக்கு முன்பே முனை ஸ்டால் ஆகி, அதாவது தூக்குவிசையை இழந்து, மீட்க வேண்டிய எய்லரானே பயனற்றுப் போனது.

செஸ்னா 172 போன்ற முழு அளவு விமானத்தில் அடிப்பகுதி +1.5, முனை -1.5 பாகை என 3 பாகை முறுக்கம் இறக்கையிலேயே அமைந்திருக்கும். பறக்கையில் ஒரு பக்க இறக்கை கனமாகித் தாழ்ந்தால், பின் ஸ்பாரின் (இறக்கையின் நீளவாட்டுத் தாங்கு சட்டம்) இணைப்பிலுள்ள மையம் விலகிய புஷ் எனும் உலோக வளையத்தைத் திருப்பிச் சரிசெய்வார்கள். மாதிரி விமானத்தில் நமக்கு அந்த வசதி இல்லை, புஷ்ராடின் நீளத்தைத் திருகி மாற்ற உதவும் கிளெவிஸ் எனும் முனைக் கவ்விதான் கதி.

எய்லரானை நேரடியாக அளப்பதற்கு இக்கருவி உதவாது என்பதே என் முதன்மையான குறை. அதன் மேல் வைத்ததுமே, கிளெவிஸ் ஆட்டத்தால் கருவியின் எடை எய்லரானை அழுத்திவிடுகிறது. கையை எடுத்ததும் எண் நகர்வதைப் பார்க்கலாம். காந்தத்துக்குப் பால்சாவில் வேலையே இல்லை, அது வீண் சுமை. எய்லரானை அசைக்கும் சர்வோ மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து, கடைசியில் சாதாரண எஃகு அளவுகோலால்தான் இரு எய்லரான்களையும் சமநிலையிலிருந்து 1 மில்லிமீட்டர் மேலே நிறுத்தினேன். தரையிறங்கும் வேகம் சிறிது கூடியிருக்கிறது. ஸ்டாலில் இப்போது மூக்கு மட்டுமே நேராகத் தாழ்கிறது.