காட்லீப், பாலி, வில்லியம்ஸ்: பின்பாலில் யார் கை ஓங்கியது?

காசு போட்டு, சரிவான பலகையில் பந்தை உருட்டிப் புள்ளி சேர்க்கும் இயந்திர ஆட்டம் பின்பால். பின்பால் என்றாலே சிகாகோதான். காட்லீப், பாலி, வில்லியம்ஸ் மூன்றுமே அந்த ஊர்க் கம்பெனிகள். எது பெரியது என்ற சண்டை பழைய இயந்திரம் சேகரிப்பவர்களிடம் இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு வில்லியம்ஸுக்கு. ஆனால் காட்லீப் இல்லாமல் மற்ற இரண்டைப் பற்றிப் பேசவே முடியாது.

டேவிட் காட்லீப் 1931-இல் கொண்டுவந்த 'பேஃபிள் பால்' கடை மேசைமேல் வைக்கிற ஒரு பெட்டி. மின்சாரம் கிடையாது, பொத்தானை அழுத்தினால் பந்தைத் திருப்பி அடிக்கும் சின்னத் துடுப்பான ஃபிளிப்பர் கிடையாது. பந்தைத் தள்ளிவிட்டால் ஆணிகளில் முட்டி மோதி ஏதாவது ஒரு குழியில் விழும், அவ்வளவுதான். விலை 17.50 டாலர். பெருமந்தக் காலத்திலும் ஐம்பதாயிரம் போல விற்றது. அதை வாங்கி விற்றவர்களில் ஒருவர் ரேமண்ட் மோலோனி. கேட்ட அளவுக்குச் சரக்கு வரவில்லை என்றதும் தானே 'பாலிஹூ' என்று ஒன்றைச் செய்து இறக்கிவிட்டார். பாலி என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

1947-இல் ஃபிளிப்பரைக் கொண்டுவந்ததும் காட்லீப்தான். 'ஹம்ப்டி டம்ப்டி'யில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு இருந்தன, அதுவும் வெளிப்பக்கம் பார்த்தபடி. இன்று ஆடிப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனாலும் அதிர்ஷ்டத்தை நம்பி நின்ற ஆட்டத்தில் கைத்திறமை நுழைந்தது அங்கேதான்.

பாலிக்கு இருந்தது வியாபார மூக்கு. காசு கொட்டும் சூதாட்ட இயந்திரங்களில் அது எப்போதுமே ஒரு கால் வைத்திருந்தது. பின்பாலுக்கும் சூதாட்டத்துக்கும் இருந்த இந்த உறவுதான் நியூயார்க் நகரம் 1942-இல் பின்பாலைத் தடை செய்யக் காரணம். தடை நீங்க 1976 ஆனது. வீடியோ கேம் காலம் வந்தபோதும் பாலி முந்திக்கொண்டது. அதன் கையிலிருந்த மிட்வே கம்பெனி, ஜப்பானிலிருந்து ஸ்பேஸ் இன்வேடர்ஸையும் பேக்-மேனையும் உரிமம் வாங்கி அமெரிக்காவில் விற்றுக் குவித்தது. சொந்தச் சரக்கு இல்லை என்று குறை சொல்லலாம். கல்லாவுக்கு அது தெரியாது.

ஹாரி வில்லியம்ஸின் புத்தி வேறு மாதிரி. ஆட்டக்காரர்கள் இயந்திரத்தைத் தூக்கியும் தட்டியும் புள்ளி சேர்ப்பதைப் பார்த்து 'டில்ட்' என்ற காவலாளியை உருவாக்கியவர் அவர். ஒரு வளையத்துக்குள் தொங்கும் சின்னக் குண்டு. பெட்டியை ஓங்கி உலுக்கினால் குண்டு வளையத்தைத் தொடும், மின்சுற்று மூடும், ஆட்டம் போச்சு. லேசாக இடித்தால் ஒன்றும் ஆகாது. அந்த இடைவெளிக்குள் விளையாடத் தெரிந்தவர்தான் ஆட்டக்காரர். 1943-இல் அவர் பெயரில் தொடங்கிய கம்பெனி 1979-இல் 'கோர்கர்' மூலம் இயந்திரத்தைப் பேச வைத்தது. அடுத்த ஆண்டே 'பிளாக் நைட்'டில் இரண்டு அடுக்கு ஆடுதளம்.

இதற்குள் காட்லீப் கைமாறிக் கைமாறி, கோகோ கோலாவே முதலாளியாகிற அளவுக்குப் போய்விட்டது. கியூபெர்ட் என்ற ஆட்டம் ஒன்றைத் தவிர வீடியோ கேமில் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. 1984-இல் கடை மூடியது; வேறு பெயரில் வந்த வாரிசும் 1996-இல் முடிந்தது.

1988-இல் பாலியின் ஆட்டப் பிரிவை வில்லியம்ஸே வாங்கிவிட்டது. அதனால் 1992-இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி'யில் பாலி பெயர் இருந்தாலும் தயாரிப்பு வில்லியம்ஸுடையது. பெட்டியிலிருந்து ஒரு கை எழுந்து காந்தத்தால் பந்தைக் கவ்விக்கொண்டு உள்ளே போகும். விற்றது 20,270. பாலி ரசிகர்கள் இதைத் தங்கள் கணக்கில் எழுதும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை.

அப்படிப்பட்ட வில்லியம்ஸும் 1999 அக்டோபரில் பின்பாலைக் கைவிட்டது. சூதாட்ட இயந்திரத்தில் வருமானம் அதிகம் என்று அந்தப் பக்கம் போய்விட்டார்கள், பழைய பாலியைப் போலவே.

பழைய இயந்திரம் வாங்க நினைப்பவருக்கு: விதி எளிதாக, வீட்டில் எல்லோரும் ஆடும்படி வேண்டுமென்றால் அறுபதுகளின் காட்லீப். எண்பதுகளின் தொடக்கத்துக் காட்லீப் என்றால் மின்னணுப் பலகையை ஒருமுறைக்கு இருமுறை சோதித்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஆடியும் அலுக்கக் கூடாது என்றால் தொண்ணூறுகளின் வில்லியம்ஸ். மேலே பாலி என்று எழுதியிருந்தாலும் சரி.