டன்னோட்டர் கோட்டை: கட்டணத்துக்குத் தகுந்த இடிபாடு

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவன் ஊருக்குத் தெற்கே வடகடலுக்குள் நீண்டு நிற்கும் செங்குத்தான பாறையின் மேல் அமைந்த டன்னோட்டர் கோட்டையைக் காண வருவோரில் பலர், எதிரேயுள்ள மேட்டிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் மிச்சப்படுத்துவது நுழைவுக் கட்டணத்தை. இழப்பது கோட்டையின் வரலாற்றை.

கீத் குலத்தைச் சேர்ந்த சர் வில்லியம் கீத் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே கோபுர வீட்டைக் கட்டினார். அது தேவாலயத்துக்குரிய புனித நிலம் என்பதால் ஆயரால் சபைநீக்கம் செய்யப்பட்டு, போப்பிடம் முறையிட்டு மீண்டார். இக்குலத்தின் தலைவர்கள் பரம்பரையாக வகித்த மாரிஷல் பதவியின் கடமைகளில் ஒன்று அரச சின்னங்களைக் காப்பது. அதனால்தான் இங்கிலாந்தில் முடியாட்சியை வீழ்த்திய கிராம்வெல்லின் படை ஸ்காட்லாந்துக்குள் நுழைந்தபோது மணிமுடியும் செங்கோலும் வாளும் இங்கே வந்து சேர்ந்தன. ஏறத்தாழ எட்டு மாத முற்றுகைக்குப் பின் 1652 மே மாதத்தில் கோட்டை பணிந்தபோது, அவை இங்கே இல்லை. முன்பே வெளியே கடத்தப்பட்டு, கினெஃப் என்னும் ஊரின் தேவாலயத் தரைக்கடியில் புதைக்கப்பட்டிருந்தன.

இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது 'விக்ஸ் வால்ட்' என்னும் நிலவறையை. மதத்தில் அரசனின் மேலாண்மையை ஏற்க மறுத்த ஆண்களும் பெண்களுமாக 167 பேர் 1685இல் இதில் அடைக்கப்பட்டனர். சிலர் உள்ளேயே இறந்தனர், சிலர் பாறைச்சரிவில் இறங்கித் தப்ப முயன்று விழுந்து மாண்டனர். அந்த அறையின் அளவைக் கண்ணால் பார்த்த பிறகு, 167 என்ற எண்ணை வெறும் எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

கோட்டையைப் பாழாக்கியவை பீரங்கிகள் என்று எண்ணுவோருக்கு ஒரு திருத்தம் தேவை. அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீட்க 1715இல் நடந்த ஜாக்கோபைட் கிளர்ச்சியில் சேர்ந்த பத்தாம் மாரிஷல் பிரபு ஜார்ஜ் கீத்தின் சொத்துகள் பறிக்கப்பட்டன. பின்னர் கோட்டையை வாங்கிய யார்க் பில்டிங்ஸ் கம்பெனி, பெயர்த்து விற்கக்கூடியதையெல்லாம் பெயர்த்து விற்றது. 1925இல் கவுட்ரே சீமாட்டி தொடங்கிய பழுதுபார்ப்பால்தான் எஞ்சிய சுவர்கள் நிலைத்தன. அப்போது மரக்கூரையுடன் புதுப்பிக்கப்பட்ட வரவேற்பறை, கூரையிழந்த மற்ற கட்டடங்களின் நடுவே சற்று ஒட்டாமல் நிற்கிறது. ஆனாலும் அக்காலத்து வாழ்க்கையைக் கற்பனை செய்ய அது உதவுகிறது என்பதால் குறை சொல்ல மனமில்லை.

பள்ளத்துக்கு இறங்கி மீண்டும் ஏற வேண்டிய படிகள் செங்குத்தானவை, ஏராளமானவை. முழங்கால் வலியுள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இந்த இடம் ஏற்றதன்று. காற்று பலமாக வீசும் நாள்களில் கோட்டையை மூடிவிடுவதும் உண்டு. ஆகவே கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் அதே நாளில் தெற்கே கினெஃப் வரை சென்று, அரச சின்னங்கள் 1660 வரை மறைந்திருந்த இடத்தையும் பார்த்துவிடலாம். அச்சின்னங்களையே காண விரும்பினால் எடின்பரோ கோட்டைக்குத்தான் போக வேண்டும்.