ஸ்பெக்ட்ரமில் கேசட் ஏற்றுவது: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அனுபவம்

கேசட்டிலிருந்து விளையாட்டுகளை ஏற்றும் 1980களின் வீட்டுக் கணினியான பழைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வாங்க நினைப்பவர்கள் முதலில் நல்ல டேப் ரெக்கார்டரைத் தேடுங்கள். பாளையங்கோட்டையில் பல வருடமாக நான் ஓட்டும் 48கே (48 கிலோபைட் நினைவகம்) ஸ்பெக்ட்ரம் இன்றும் நன்றாக இருக்கிறது. தகராறெல்லாம் கேசட் பக்கம்தான்.

லோட் கட்டளை கொடுத்து கேசட்டை ஓடவிட்டால் திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஓடும். அப்புறம் நீலமும் மஞ்சளும். தகவல் ஏறுகிறது என்று அர்த்தம். விநாடிக்குச் சராசரியாக 1500 பிட் வேகம், பெரிய விளையாட்டு ஏற ஐந்து நிமிடம் ஆகும். ஏறிய தகவல் சரியா என்று பார்க்க உதவும் பைட், ஒவ்வொரு தகவல் தொகுதியின் கடைசியில்தான் வருகிறது. அதனால் பெரும்பாலும் தொகுதி முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் ‘டேப் லோடிங் எர்ரர்’ என்று சொல்லும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதே காலத்து இன்னொரு கணினியான பிபிசி மைக்ரோ 256 பைட் துண்டுகளாகப் படிக்கும், கொஞ்சம் ரீவைண்ட் செய்தால் போதும். இதில் அதுதான் மேல்.

பிழைக்குப் பெரும்பாலும் காரணம், ரெக்கார்டரில் கேசட்டைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த கருவியின் சாய்வோடு ஒத்துப்போகாவிட்டால் கூர்மையான ஒலி மங்கிவிடும். ஹெட் பக்கத்திலுள்ள சிறு திருகை, கேசட் ஓடும்போதே மெல்லத் திருப்பி, சத்தம் மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். மோனோ ரெக்கார்டர் நல்லது. டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். பெல்ட் தளர்ந்தால் வேகம் அலையும். எனக்கு பெல்ட் மாற்றித் தந்த ஜங்ஷன் கடை அண்ணாச்சி, “தம்பி, பாட்டுக்கு இது போதும். உம்ம கம்ப்யூட்டருக்குப் போதுமான்னு நீருதான் சொல்லணும்” என்றார். போதுமாகத்தான் இருந்தது.

தினசரி விளையாட, இன்றைய கணினியிலேயே ஸ்பெக்ட்ரம் போல இயங்கும் ஃபியூஸ் எமுலேட்டர் மென்பொருள் போதும், சாதாரண கேசட் கோப்புகள் நொடியில் ஏறிவிடும். கோப்பு தேடும்போது டிஇசட்எக்ஸ் (TZX) வகையை எடுங்கள். டேப் (TAP) வகைக் கோப்பில் பைட்டுகள் மட்டுமே இருக்கும். டிஇசட்எக்ஸில் கேசட் ஒலித் துடிப்புகளின் நேரமும் பதிவாவதால், தனி வேகத்தில் ஏறும் விளையாட்டுகளும் ஓடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்மூர் ஈரத்துக்கு ரீலில் பூஞ்சை பிடிக்கிறது. கையில் அசல் கேசட் இருந்தால், மழைக்கு முன்பே வேவ் கோப்பாகப் பதிந்துவிடுங்கள். எம்பி3 வேண்டாம், சுருக்கும்போது துடிப்பின் வடிவம் கெட வாய்ப்புண்டு. அந்த வேவ் கோப்பையே மொபைலிலிருந்து, கேசட் ஒலி உள்ளே போகும் ஸ்பெக்ட்ரமின் இயர் (EAR) துளைக்குக் கொடுக்கலாம். ஒலியைக் கிட்டத்தட்ட முழுக்க வைத்து, ஏரோப்ளேன் மோடையும் போட்டுவிடுங்கள்; நடுவில் ஒரு மெசேஜ் சத்தம் வந்தாலே லோடு போய்விடும்.